மனிதனை நிறுக்கும் தராசு

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



கனடா தேசத்தின் குடியேற்றச் சட்டத்தைப் பற்றி இங்கே பேசப் போகிறேன். மில் வாசலிலும் வயல் வரப்பிலும் நிற்கிற நமக்குக் கனடாவோடு என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பேச்சு இருக்கிறது. மூன்று ஷிப்டும் மாறி மாறி நின்று மகனை எஞ்சினீயருக்குப் படிக்க வைத்த தகப்பன் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். நாற்று நட்ட கூலியைச் சேர்த்து மகளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பிய தாய் இருக்கிறார். படித்து முடித்த பிள்ளைக்கு இங்கே கிடைக்கிற சம்பளம் படிப்புக் கடனின் வட்டிக்கே பற்றவில்லை. ஆகவே பிள்ளை வெளிதேசம் போகப் பார்க்கிறது. பரீட்சை எழுதுகிறது, பணம் கட்டுகிறது, காத்திருக்கிறது. "புள்ளி எட்டவில்லை" என்று பதில் வருகிறது. மறு வருஷமும் பரீட்சை, மறு வருஷமும் பணம், மறு வருஷமும் "புள்ளி எட்டவில்லை". பெற்றவர்கள் பிள்ளையைக் கோபிக்கிறார்கள். பிள்ளை தன்னைத் தானே நொந்துகொள்கிறது.

அந்தப் புள்ளி என்பது என்ன? அதை யார் போடுகிறார்கள்? யாருக்காகப் போடுகிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் பிள்ளையைத் திட்டுவதை நிறுத்துவோம். யாரைக் கேட்க வேண்டும் என்பதும் விளங்கும்.

நிறத்தைப் பார்த்த காலம்

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். புள்ளி முறைக்கு முன்னால் இருந்தது இதைவிடக் கேடானது. அப்போது கனடாவின் வாசலில் மனிதனின் தோல் நிறத்தைத்தான் பார்த்தார்கள்.

ரயில் பாதை போடச் சீனத் தொழிலாளிகளைக் கொண்டுபோனார்கள். பாதை முடிந்ததும், 1885-ல், உள்ளே வருகிற ஒவ்வொரு சீனனும் தலைக்கு 50 டாலர் வரி கட்ட வேண்டும் என்றார்கள். 1903-ல் அதை 500 டாலராக உயர்த்தினார்கள். 1923-ல் கதவையே அடைத்துவிட்டார்கள்.

நம் தேசத்தாருக்கு வேறு தந்திரம். பிறந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் நேரே வரவேண்டும் என்று 1908-ல் ஒரு விதி செய்தார்கள். இந்தியாவிலிருந்து நேரே கனடா போகிற கப்பலே கிடையாது! 1914-ல் கோமகட்டா மாரு என்ற கப்பல் 376 பேருடன் வான்கூவர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலோர் பஞ்சாபிகள். இரண்டு மாத காலம் கரையில் கால் வைக்க விடவில்லை. ஒரு சிலரைத் தவிர எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் வந்து இறங்கியவர்களை வெள்ளைக்கார சர்க்காரின் துப்பாக்கி வரவேற்றது. அந்தக் கொடுமைக்காகக் கனடாவின் பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டது 2016-ல்தான். நூறு வருஷத்துக்கு மேலாயிற்று.

நிற பேதத்தை 1962-ல் பெருமளவு எடுத்தார்கள். 1967-ல் புள்ளி முறை வந்தது. படிப்புக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை, பாஷைக்கு இத்தனை, தொழிலுக்கு இத்தனை. நூற்றுக்கு ஐம்பது வாங்கினால் உள்ளே வரலாம் என்றார்கள். ஆப்பிரிக்க, ஆசிய தேசங்கள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்று வந்த காலம் அது. உலகத்தின் முன்னால் நிற வெறியைப் பகிரங்கமாக வைத்துக்கொண்டு நடமாட முடியாத நிலை. அதோடு இன்னொரு காரணமும் உண்டு. யுத்தத்தில் அடிபட்ட ஐரோப்பா மறுபடி எழுந்து நின்றுவிட்டது. வெள்ளைத் தொழிலாளிகள் முன்போல் கப்பலேறி வரவில்லை. கனடாவின் தொழிற்சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆள் வேண்டியிருந்தது.

ஆகவே நிறத்தைப் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றியது முன்னேற்றம்தான். ஆனால் கழற்றிய கையோடு தராசை எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவும் 1979-ல் அப்படியொரு தராசை எடுத்தது. பிரிட்டனும் பின்னால் எடுத்தது.

தராசு எப்படி நிறுக்கிறது?

2015 ஜனவரியில் கனடாவில் புதிய முறை வந்தது. இதில் மொத்தம் 1,200 புள்ளி. நூற்றுக்கு இத்தனை வாங்கினால் தேறினாய் என்பது இதில் இல்லை. தகுதி உள்ளவர்களையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்து நிறுத்திவைக்கிறார்கள். அவ்வப்போது ஒரு நாளில், இத்தனை புள்ளிக்கு மேல் உள்ளவர்கள் வரலாம் என்று கூப்பிடுகிறார்கள்.

மில் தொழிலாளிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஷிப்டு தொடங்கும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே பதிலித் தொழிலாளிகள் நிற்பார்கள். எத்தனை தறி காலியோ அத்தனை பேருக்குத்தான் அழைப்பு. மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். திரும்பிப் போகிறவனுக்கு வேலை தெரியாதா? நன்றாகத் தெரியும். அன்றைக்கு முதலாளிக்கு அவன் வேண்டாம், அவ்வளவுதான். அந்தக் கேட்டை உலக அளவுக்குப் பெரிதாக்கினால் அதுதான் கனடாவின் பட்டியல்.

ஒரு வாலிபனின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வயது 29. மணமாகவில்லை. எம்.இ. படித்தவன். மூன்று வருஷம் இங்கே வேலை பார்த்தவன். இங்கிலீஷ் பரீட்சையில் கேட்டறிவதில் 8, படிப்பது, எழுதுவது, பேசுவதில் 7 வீதம் வாங்கியவன். அவனுக்கு வயதுக்கு 110 புள்ளி, படிப்புக்கு 135, பாஷைக்கு 124, படிப்பும் அனுபவமும் பாஷையும் சேர்ந்த வகையில் 100. ஆக மொத்தம் 469.

இவன் கெட்டிக்காரன் இல்லையா? நம் ஊரில் இத்தனை படித்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஆனால் 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடந்த பொது அழைப்புகளில் கேட்ட புள்ளி எவ்வளவு தெரியுமா? மிகக் குறைந்த நாளில் 524. அதிகமான நாளில் 549. இவ்வளவு படித்தும் 55 புள்ளி குறைகிறது.

இன்னும் கேளுங்கள். எழுதுகிற பரீட்சையில் 7-க்குப் பதிலாக ஆறரை வாங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அரை மார்க்குதான் குறைவு. பாஷைக் கணக்கில் 8 புள்ளி போகும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற படிப்புக் கணக்கில் 25, அனுபவக் கணக்கில் 25 போகும். அரை மார்க்குக்கு 58 புள்ளி! 469 என்பது 411 ஆகிவிடும். ஒரே நாளில், ஒரு கட்டுரையில், யாரோ ஒருவர் போட்ட அரை மார்க்கில் இது நடக்கிறது.

காத்திருந்தால் கிடைக்குமா? காத்திருப்பதற்கும் அபராதம் உண்டு. முப்பதாவது பிறந்த நாள் வந்தால் 5 புள்ளி போகும். பிறகு நாற்பது வயது வரை ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஐந்தோ ஆறோ போய்க்கொண்டே இருக்கும். 35 வயதில் வயதுக் கணக்கில் 77. நாற்பதில் 50. நாற்பத்தைந்தில் சுழி. நாற்பத்தைந்து வயதில் தொழிலாளியின் கை பழுத்திருக்கும். எந்த யந்திரம் எப்படி முனகினால் எங்கே கோளாறு என்று காதாலேயே சொல்வான். தராசுக்கு அது கணக்கில்லை. இன்னும் எத்தனை வருஷம் பிழியலாம் என்பதுதான் கணக்கு. சந்தையில் உழவு மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நமக்குத் தெரியாததா?

75-ம் 549-ம்

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். இந்த முறையின் முழு ரகசியமும் இதில் இருக்கிறது.

2021 பிப்ரவரி 13-ந் தேதி கனடா சர்க்கார் 27,332 பேரைக் கூப்பிட்டது. அன்றைக்குக் கேட்ட புள்ளி எவ்வளவு? 75! ஆயிரத்து இருநூறுக்கு எழுபத்தைந்து! ஏன் இந்தத் தாராளம்? கொரோனாவால் எல்லைகள் அடைபட்டுக் கிடந்தன. அந்த வருஷத்துக்கு 4,01,000 பேர் என்று இலக்கு வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து ஆள் வர வழியில்லை. ஆகவே ஏற்கெனவே அங்கே இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களை அள்ளி எடுத்துக் கணக்கைச் சரிக்கட்டப் பார்த்தார்கள்.

தராசு அதே தராசு. புள்ளிகளும் அதே புள்ளிகள். ஒரு நாள் 75 போதும். இன்னொரு நாள் 523 போதாது. மனிதனின் படிப்பும் திறமையுமா இப்படி ஏறி இறங்கும்? ஏறி இறங்குவது அவர்களுடைய தேவை. "உன் தகுதி குறைவு" என்று பையனுக்கு வருகிற பதிலின் பொருள் "இந்த மாதம் எங்களுக்கு ஆள் வேண்டாம்" என்பதுதான்.

2023 முதல் இன்னொன்றும் செய்கிறார்கள். வைத்தியத் துறையா, தச்சு வேலையா, பிரெஞ்சு பாஷை தெரிந்தவனா என்று தனித்தனியாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு 336 புள்ளி போதும் என்றார்கள். நம் பையன் 469 வைத்துக்கொண்டு வெளியே நின்றான்.

வரிசையைக் கிழித்துப் போட்டார்கள்

நஷ்டம் எல்லாம் யார் தலையில்? பாஷைப் பரீட்சைக்குப் பணம். பட்டம் அசல்தானா என்று சோதிக்கப் பணம். பரீட்சை முடிவு இரண்டு வருஷத்தில் காலாவதியாகும். பட்டியலில் போட்ட பெயர் ஒரு வருஷத்தில் காலாவதியாகும். அழைப்பு வந்தால் சர்க்காருக்குக் கட்டணம்: 2024 ஏப்ரலில் அதை 1,525 டாலராக உயர்த்தினார்கள், நம் பணத்தில் லட்சம் ரூபாய்க்குப் பக்கம். கையில் பணம் இருப்பதாகவும் காட்ட வேண்டும். தனி ஆளுக்கு 15,263 டாலர் என்று 2025 ஜூலையில் வைத்தார்கள். கடன் வாங்கிக் காட்டிய பணம் செல்லாது. நிலத்தை விற்றவன் வீட்டுப் பிள்ளைக்கு வழி உண்டு. விற்க நிலமே இல்லாதவன் வீட்டுப் பிள்ளைக்கு?

பொறுமையாக வரிசையில் நின்றால் நியாயம் கிடைக்கும் என்கிறார்கள். வரிசையில் நின்றவர்களின் கதையையும் கேளுங்கள். 2008 பிப்ரவரி 27-க்கு முன் கனடாவுக்கு மனுப் போட்டு, பணம் கட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் குடும்பத்தோடு சேர்த்து சுமார் 2,80,000 பேர். 2012-ல் பார்லிமெண்டில் ஒரு சட்டம் போட்டு அத்தனை மனுக்களையும் ஒரே அடியாக ரத்து செய்தார்கள். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். போன வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது? காத்திருந்த காலத்தில் வயது ஏறியதே, அதை யார் திருப்பிக் கொடுப்பது? கோர்ட்டுக்குப் போனார்கள். 2013-ல் கோர்ட்டும் கைவிரித்தது.

சான்றிதழ் வாசலோடு சரி

சரி, புள்ளி எட்டி உள்ளே போய்விட்டால்? டாக்டர் பட்டத்துக்கும் எஞ்சினீயர் பட்டத்துக்கும் வாசலில் புள்ளி உண்டு. உள்ளே போய் அந்தத் தொழிலைச் செய்ய வேறு லைசென்ஸ், வேறு பரீட்சை, வேறு வருஷங்கள். "கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?" என்று முதலாளி கேட்கிறான். நேற்று வந்தவனுக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? அப்படிக் கேட்பதே பாரபட்சம் என்று ஒன்டாரியோ மாகாணத்தின் மனித உரிமைக் கமிஷன் 2013-ல் சொல்ல வேண்டி வந்தது. பட்டம் பெற்றவர்கள் டாக்ஸி ஓட்டுவதும் கிடங்கில் மூட்டை தூக்குவதும் அங்கே சகஜம்.

அந்த நர்ஸை வளர்த்தது யார்? அவளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தது நம் ஜனங்களின் வரிப்பணம். காலேஜுக்குப் பணம் கட்டியது நாற்று நட்ட தாயின் முதுகு. வளர்த்த செலவு முழுதும் இங்கே. விளைந்ததை எடுத்துக்கொள்வது அங்கே. ஒரு காசு முதலீடு இல்லாமல் முற்றிய கதிராகப் பார்த்துப் பார்த்துப் பறிக்கிறார்கள்.

தராசில் ஏறவே இடமில்லாதவர்கள்

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, இதை நீங்கள் குறிப்பாகக் கேட்க வேண்டும். புள்ளி முறை வருவதற்கு முந்தின வருஷம், 1966-ல், கனடா இன்னொரு வழியையும் திறந்தது. ஜமைக்கா தீவிலிருந்து கூலியாட்களைப் பருவ வேலைக்குக் கொண்டுவந்தார்கள். 1974-ல் மெக்சிகோவும் சேர்ந்தது. இன்றும் கனடாவின் தக்காளியும் ஆப்பிளும் இவர்கள் கையால்தான் பறிக்கப்படுகின்றன.

இவர்களுக்குப் புள்ளி கிடையாது. வருஷத்தில் அதிகபட்சம் 8 மாதம் வேலை. பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டும். பெண்டு பிள்ளைகளைக் கொண்டுபோக முடியாது. எந்தப் பண்ணைக்குச் சீட்டோ அந்தப் பண்ணையில்தான் வேலை. எதிர்த்துப் பேசினால் அடுத்த வருஷம் சீட்டு வராது. இருபது வருஷம் போய் வந்தாலும் இந்த ஏற்பாட்டில் குடியுரிமைக்கு வழியில்லை. ஒன்டாரியோவில் மற்றத் தொழிலாளிகளுக்குள்ள சங்கச் சட்டம் பண்ணைத் தொழிலாளிகளுக்குப் பொருந்தாது. 2020-ல் அந்த மாகாணத்தில் மெக்சிகோ தொழிலாளர் மூவர் கொரோனாவில் மாண்டார்கள். 2023-ல் ஐ.நா. சபையின் விசேஷப் பிரதிநிதி டோமோயா ஓபோகாட்டா நேரில் போய்ப் பார்த்துவிட்டு, இந்தத் தற்காலிகத் தொழிலாளர் ஏற்பாடு நவீன அடிமைத்தனத்தின் விளைநிலம் என்று சொன்னார்.

இந்தக் கதை நமக்குப் புதிதா? நம் பாட்டன்மாரைக் கங்காணி சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது சான்றிதழ் கேட்டானா? கையும் காலும் திடமா என்று பார்த்தான். தலைமுறை தலைமுறையாக மலையைத் தோட்டமாக்கியவர்களை 1948-ல் பிரஜைகள் அல்ல என்று சட்டம் போட்டுத் தள்ளினார்கள். 1964-ல் இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று மூட்டைகளைப் போலப் பங்கு போட்டார்கள். உழைப்பு வேண்டும், உழைக்கிறவன் வேண்டாம் என்பதுதான் அன்றைய நியாயம். ஜமைக்கா தொழிலாளிக்கு இன்று சொல்லப்படுவதும் அதே நியாயம்.

ஆகவே படித்தவனுக்குத் தராசு, படிக்காதவனுக்குத் திரும்பிப் போகிற சீட்டு. இரண்டையும் வைத்திருப்பது ஒரே முதலாளி வர்க்கம்.

யார் மேல் கோபம்?

2024 அக்டோபரில் கனடா சர்க்கார் கதவைச் சுருக்கியது. 2025-க்கு 5,00,000 என்று வைத்திருந்த இலக்கை 3,95,000 ஆகக் குறைத்தது. வீட்டு வாடகை ஏறிவிட்டது, ஆஸ்பத்திரியில் இடமில்லை, எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து வந்தவன்தான் காரணம் என்று பிரசாரம் நடக்கிறது. வீட்டைக் கட்டிவைத்து விலை ஏற்றியது வெளியிலிருந்து வந்த நர்ஸா? வாடகையை உயர்த்தியது தக்காளி பறிக்கிற மெக்சிகோ தொழிலாளியா? ஆள் குறைவாக இருந்தபோது அழைத்தவர்களும், அழைத்து மலிவாக வேலை வாங்கியவர்களும், இன்று அவர்களைக் காட்டி உள்ளூர்த் தொழிலாளியை ஏவி விடுகிறவர்களும் ஒரே கூட்டம்தான்.

கனடாவின் சாதாரண ஜனங்கள் நமக்கு எதிரிகளல்ல. 1986 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்து கடலில் தத்தளித்தார்கள். அவர்களைத் தூக்கிக் கரை சேர்த்தவர்கள் அங்குள்ள மீனவர்கள். உழைக்கிற அந்தக் கைகள் யாருடைய புள்ளியையும் கேட்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நம் பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். தராசின் தீர்ப்பு பிள்ளையின் திறமையைப் பற்றிய தீர்ப்பல்ல.

இரண்டாவது, ஏஜெண்டிடம் ஏமாறாதீர்கள். புள்ளியை விலைக்கு விற்க எவனாலும் முடியாது. மனுவைப் பிள்ளையே பூர்த்தி செய்து அனுப்பலாம். ஏஜெண்ட் வேண்டும் என்று சட்டம் இல்லை. வேலைக் கடிதத்துக்கு 50 புள்ளி, 200 புள்ளி என்று முன்பு இருந்தது. அந்தக் கடிதம் சந்தைச் சரக்காக விலைபோனது. 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். பொய்க் கடிதம் கொடுத்து அகப்பட்டால் ஐந்து வருஷம் அந்தத் தேசத்தின் பக்கமே போக முடியாது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன் சங்க ஆபீசுக்கு வாருங்கள். படித்த தோழர்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 469-ல் நிற்கிற பிள்ளையை "இதோ கிடைத்துவிடும்" என்று ஐந்து வருஷம் இழுத்தடித்துக் கறக்கிறவனை நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஒன்றுபட்டால் வழி பிறக்கும் என்பதை மறவாதீர்கள். ஏஜெண்டுகள் கொடுத்த போலிக் கடிதத்தால் நாடு கடத்தப்பட இருந்த இந்திய மாணவர்கள் 2023-ல் மிசிசாகா நகரில் இரவு பகலாகத் தெருவில் உட்கார்ந்தார்கள். உண்மையான மாணவர்களை வெளியேற்ற மாட்டோம் என்று மந்திரி சொல்ல வேண்டி வந்தது. பிரிட்டனில் 2006-ல் விதியை நடுவழியில் மாற்றி, ஏற்கெனவே வந்திருந்தவர்களை வெளியே தள்ளப் பார்த்தார்கள். வந்தவர்கள் அமைப்பாகச் சேர்ந்து வழக்காடி 2008-ல் லண்டன் ஹைகோர்ட்டில் ஜெயித்தார்கள். பிராம்ப்டன் நகரில் நவ்ஜவான் சப்போர்ட் நெட்வொர்க் என்று பஞ்சாபி வாலிபர்கள் 2021 முதல் சேர்ந்து நின்று, கொடுக்காத கூலியை முதலாளிகளிடமிருந்து வாங்கிக் காட்டுகிறார்கள். எல்லாப் போராட்டமும் வெற்றி பெற்றதென்று சொல்ல மாட்டேன். கூடி நின்றவர்கள் தங்களுக்குள்ளே "நான் தகுதியற்றவன்" என்று புழுங்கிச் சாகவில்லை. அதுவே பெரிய லாபம்.

நான்காவது, இங்கே நம் கடமை. போகிற பிள்ளை போகட்டும். உழைப்பாளி எங்கே வேண்டுமானாலும் போய் மானத்தோடு பிழைக்க உரிமையுள்ளவன். ஆனால் வேறு வழியில்லாமல் போகக் கூடாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இடம் காலியாகக் கிடக்க, நர்ஸ் படித்த பெண் ஒப்பந்தக் கூலிக்கு அலைகிறாளே, அந்த நிலையை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. காலியிடத்தை நிரப்பு, ஒப்பந்த முறையை ஒழி, படிப்புக்கேற்ற சம்பளம் கொடு என்ற கோரிக்கைகளுக்காக மில் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் படித்த வாலிபர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும். அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். ஆபீசில் உட்கார்ந்தாலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாலும் அவர்களும் கூலிக்கு உழைக்கிறவர்களே.

உழைப்பாளியை நிறுக்கத் தராசு வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. தராசுத் தட்டில் தனித்தனியாக ஏறுகிறவனைத்தான் நிறுக்க முடியும். சங்கமாகச் சேர்ந்து நிற்கிறவர்களை நிறுக்கிற தராசு இன்னும் செய்யப்படவில்லை. உங்கள் பிள்ளைகளைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்.

உழைக்கும் மக்கள் ஒற்றுமை ஓங்குக!